விரிசல் எங்கே முடிகிறது?

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள்; சத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள்; பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்று அங்கலாய்ப்பார்கள். எஞ்சினைத் தாங்கி நிற்கும் கூட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பட்டறைப் பாஷையில் அதற்குக் ‘கேஸ்’ என்று பெயர். அலுமினியத்தோடு சிலிக்கனைக் கலந்து வார்த்த இரண்டு பாதிகள். இரண்டு கைகளைக் குவித்து மூடினாற்போல் அவை ஒன்றோடொன்று பொருந்தி, நடுவில் கிராங்க்கையும் கியர்களையும் அடக்கிக்கொண்டிருக்கும். உடையாத வரையில் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. சென்ற ஆண்டு எங்கள் மாமாவின் ஜாவாவில் அது விரிந்தது. அதன் பிறகு இரண்டு மாத காலம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஜாவா என்றதும் இந்தோனேசியத் தீவை நினைத்துக்கொள்ள வேண்டாம். செக்கோஸ்லோவாகியாவில் யானெச்செக் என்பவர் 1929இல் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் பகுதியை விலைக்கு வாங்கி, தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களையும் அதன் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களையும் ஒட்டவைத்துச் சூட்டிய பெயர் அது. 1961 முதல் மைசூரில் அந்த வண்டியைச் செய்தார்கள். பிறகு அதற்கு ‘எஸ்டி’ என்று பெயர் மாறியது. 1996இல் ஆலையையே மூடிவிட்டார்கள். 2018இல் ஜாவா என்ற பெயரோடு புது வண்டிகள் வந்தன. பெயர்தான் ஒன்று, இனம் வேறு. பழைய ஜாவா 250இல் உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் மாற்றும் நெம்புகோலும் ஆகும். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றவேண்டும். மாமாவின் வண்டி 1960களின் கடைசியில் பிறந்தது. 1986இல் அவர் கைக்கு மூன்றாம் கையாக வந்தது. அதிலிருந்து பெங்களூரில் அவர் போன இடமெல்லாம் அதன் மேல்தான்.

ஒரு நாள் மாலை ஹோசூர் ரோட்டில் செயின் அறுந்தது. சாதாரண வண்டியில் செயின் அறுந்தால் சாலையில் விழுந்துவிடும். எடுத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். ஜாவாவின் செயினோ முழுக்க முழுக்கத் தகரக் கூட்டுக்குள் ஓடுவது. தூசி படாது என்பது அதன் பெருமை. ஆனால் அறுந்த செயினுக்குத் தப்பிப்போக வழியில்லை. முன் ஸ்பிராக்கெட் சுற்றிக்கொண்டே இருக்க, செயின் அங்கே குவிந்து சுருண்டு கேஸின் சுவரை இடித்தது. வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்த மாமா, கியர் ஆயில் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைக் காட்டினார். ஆயிலைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மயிரிழை போன்ற ஒரு கோடு. நீளம் ஒரு கட்டை விரல் இருக்கும்.

ஆயில் ஒழுகினால் என்ன, அடிக்கடி ஊற்றிக்கொண்டால் போயிற்று என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. கடைத்தெருவில் இரண்டு பசைகளைப் பிசைந்து அப்பினால் கல்லாய் இறுகிவிடும் சரக்கு ஒன்று விற்கிறது. அதைப் பூசிவிட்டால் கதை முடிந்தது என்றார் அண்டை வீட்டுக்காரர். இங்கேதான் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். அதில் பிஸ்டன் மேலே போகும்போது, கீழே கிராங்க் இருக்கும் அறைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி உறிஞ்சப்படுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அந்த ஆவி அமுக்கப்பட்டுச் சிலிண்டருக்குள் ஏறுகிறது. அதாவது கேஸ் வெறும் பெட்டியன்று, அதுவே பம்பு. எங்கள் விரிசலின் ஒரு நுனி அந்தக் கிராங்க் அறையின் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அது எட்டிவிட்டால் வெளிக்காற்று உள்ளே நுழையும்; பெட்ரோலின் விகிதம் குறையும்; அதில் கலந்து வருகிற ஆயிலும் குறையும்; சூடு ஏறும்; கடைசியில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பிஸ்டன் கவ்வினால் பின் சக்கரம் அப்படியே நின்றுபோகும். வண்டியின் மேல் இருப்பவர் மாமா.

வேறு கேஸ் வாங்கிப் போடலாமே? ஜே.சி. ரோட்டில் தேடினால் கிடைக்கும். ஆனால் எஞ்சின் எண் பொறித்திருப்பது கேஸின் மேல். அதிலும் விரிந்த பாதியின் மேலேயே. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணும் அதுதான். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். முறைப்படி மனுக் கொடுத்து எஞ்சினை மாற்றச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பழைய கேஸ் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி திருட்டு வண்டியா, செத்த வண்டியா என்பதற்கு ரசீது வேண்டுமல்லவா? தரகர் ஒருவர் சுலபமான யோசனை சொன்னார்: வேறு கேஸை எடுத்து, இருக்கும் எண்ணை ராவிவிட்டு, நம் எண்ணைப் பொறித்துத் தந்துவிடுவாராம். “யாருக்கும் தெரியாது சார்” என்றார். மாமா பதில் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் இருந்தவரிடம் போய்ச் சொல்லக்கூடிய யோசனையா அது!

ஆகவே, இருப்பதைத்தான் சரிசெய்தாக வேண்டும்.

சிவாஜி நகரில் ஒரு பாய் இருக்கிறார். ஜாவாவையும் எஸ்டியையும் தவிர வேறு வண்டியைத் தொடமாட்டேன் என்பது அவர் விரதம். அவருடைய தமிழில் பாதி உருது; கன்னடமும் நடுநடுவே எட்டிப்பார்க்கும். எஞ்சினைக் கழற்றி, கேஸை மண்ணெண்ணெயில் கழுவி மேஜை மேல் வைத்தார். நான் விரிசல் தொடங்கிய இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, எங்கே ஆரம்பிச்சுதுன்னு பாத்து என்ன பண்றது? அது செயின் அடிச்ச இடம், தெரிஞ்சதுதானே? எங்கே முடியுதுன்னு பாரு.”

முடிகிற இடம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். பாய் விரிசலின் மேல் மண்ணெண்ணெயைத் தடவினார், சற்று நேரம் ஊறவிட்டார், சுத்தமாகத் துடைத்தார், பிறகு சாக்குக்கட்டியைப் பொடித்துத் தூவினார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள், வெண்பொடியின் மேல் ஈரக் கோடு ஒன்று தானாக வரைந்துகொண்டிருந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெயைப் பொடி உறிஞ்சி வெளியே காட்டிவிட்டது. நுண்துளைக் கவர்ச்சி என்று வகுப்பில் கண்ணாடிக் குழாயை வைத்துப் படித்தது இதுதான். ரயில்வேப் பட்டறைகளில் ஒரு காலத்தில் அச்சுகளைச் சோதித்ததும் இந்த முறையில்தான். கண்ணுக்குக் கட்டை விரல் நீளம் தெரிந்த கோடு, பொடியில் நாற்பது மில்லிமீட்டர் இருந்தது. கிராங்க் அறையை எட்ட இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி.

அடுத்து அவர் செய்த காரியத்தைப் பார்த்து மாமா பதறினார். பாய் ட்ரில்லை எடுத்து, கோட்டின் இரண்டு நுனிகளுக்கும் சற்று அப்பால் மூன்று மில்லிமீட்டர் துளை ஒவ்வொன்று போட்டார். ஓட்டையை அடைக்க வந்த இடத்தில் மேலும் இரண்டு ஓட்டைகள்!

நான் பதறவில்லை, ஏனென்றால் இந்தத் துளைகளின் கணக்கு எனக்குத் தெரியும். 1913இல் இங்கிலிஸ் என்ற பொறியியல் அறிஞர், தகட்டில் உள்ள நீள்வட்டத் துளையின் முனையில் இழுவிசை எத்தனை மடங்கு பெருகுகிறது என்று கணக்கிட்டார். துளை எவ்வளவு நீளம் என்பதைவிட முனை எவ்வளவு கூர்மை என்பதே பெரிது. பாதி நீளத்தை முனையின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரட்டித்து, ஒன்றைக் கூட்டவேண்டும். எங்கள் விரிசலில் பாதி நீளம் 20 மில்லிமீட்டர். முனையின் ஆரம் நூறில் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெருக்கம் ஏறக்குறைய 90 மடங்கு. அதே முனையில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆரத்தில் துளை போட்டுவிட்டால், 8 மடங்குதான். உலோகம் சற்று நெகிழ்ந்து கொடுக்குமாகையால் நிஜத்தில் 90 வரை போகாது என்பது வேறு விஷயம். ஆனால் வழி அடைபட்டுவிட்டது. விரிசல் இனி அந்தத் துளையைத் தாண்ட வேண்டுமானால் புதிதாகப் பிறக்க வேண்டும். மாமாவுக்கு இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். பாயும் எட்டிப் பார்த்தார். “சரிதான், எழுதினாலும் அதே மூணு எம்.எம்.தான் வருது” என்றார். துளை போட அவருக்கு இங்கிலிஸ் தேவைப்படவில்லை.

துளைக்குத் துளை, கோட்டின் வழியே ஆங்கில ‘வி’ எழுத்துப் போல் வாய்க்கால் வெட்டினார். பிறகு தொடங்கியது பெரும் பாடு. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிலில் ஊறிய வார்ப்பு அது. கண்ணுக்குத் தெரியாத துவாரங்களிலெல்லாம் எண்ணெய். சூடு காட்டினால் கசியும், துடைத்தால் நிற்கும், மறுபடி சூடு காட்டினால் மறுபடி கசியும். எண்ணெயில் உள்ள ஹைட்ரஜனைத் திரவ அலுமினியம் ஆவலோடு விழுங்கும். உறையும்போது அதில் பெரும்பகுதியைக் கக்கிவிடும். கக்கிய வாயு குமிழாக உள்ளேயே சிக்கி, பற்று கடற்பஞ்சு போலாகிவிடும். இதற்காக மூன்று நாள் சூடு காட்டுவதும் துடைப்பதுமாகவே போயிற்று.

பேரிங்குகளைக் கழற்றியதும் இந்தச் சூட்டில்தான். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. 62 மில்லிமீட்டர் விட்டத்தில் 100 டிகிரி சூடு ஏற்றினால், இரண்டுக்கும் நடுவே நூறில் ஏழு மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். கேஸைக் கவிழ்த்துப் பலகையில் ஒரு தட்டுத் தட்டியதும் பேரிங் பழம் போல் உதிர்ந்தது.

பற்றவைப்பது பாயின் வேலையன்று. பக்கத்துச் சந்தில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்று பலகை மாட்டிய ஓர் இளைஞர் இருக்கிறார். அலுமினியம் கள்ளத்தனமான உலோகம். இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரியில் வெள்ளையாக இருந்தபடியே திடீரென்று சரிந்துவிடும். அதன் மேலுள்ள ஆக்ஸைடு படலமோ 2000 டிகிரி தாண்டினாலொழிய உருகாது. உள்ளே தண்ணீராய் ஓடும். மேலே தோல் உரியாது. மாறு மின்னோட்டம் இதற்கு ஒரு வழி செய்கிறது: ஒரு பாதிச் சுற்றில் மின்பொறி அந்தத் தோலை உடைத்தெறிகிறது; மறு பாதியில் உலோகத்தைச் சூடாக்குகிறது. காற்று அண்டாமல் ஆர்கான் வாயு சுற்றி நின்று காக்கிறது. ராலேயும் ராம்சேயும் 1894இல் கண்டுபிடித்த இந்த வாயுவின் கிரேக்கப் பெயருக்குச் சோம்பேறி என்று அர்த்தம். யாரோடும் சேராத சோம்பேறிதான் இங்கே காவல்காரன்!

சூட்டில் கேஸ் கோணிவிடாதிருக்க, இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு முடுக்கி, அடுப்பில் வைத்துச் சூடேற்றினார்கள். பாய் விரலை நனைத்து ஒரு துளியைத் தெறித்தார். முதலில் துளி சுரீரென்று காய்ந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி தெறித்தார். இம்முறை முத்துப் போல் உருண்டோடியது. “இப்போ” என்றார். லைடன்ஃப்ராஸ்ட் 1756இல் எழுதிவைத்த அதிசயம் சிவாஜி நகரில் உஷ்ணமானியாக வேலை செய்கிறது.

முதல் பற்றில் கறுப்புப் புள்ளிகள் கிளம்பின. எண்ணெய் இன்னும் இருந்தது. இளைஞர் முகம் சுளிக்காமல் அந்த இடத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றினார். மறுபடி கறுத்தது, மறுபடி சுரண்டினார். மூன்றாம் முறைதான் வெள்ளி நிறம் நின்றது. பிறகு கேஸைச் சாம்பலில் புதைத்து மறுநாள் வரை ஆறவிட்டார்கள். பாதிகள் சேரும் முகங்களைத் தடித்த கண்ணாடியின் மேல் உப்புத்தாள் விரித்து, எட்டுப் போடுவது போல் தேய்த்துச் சமப்படுத்தினார்கள். அன்று மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தம் மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து, பேரிங் உட்காரும் வட்டங்களை ஆறு திசையில் அளந்தார். அளந்ததை எழுதினார், எழுதியதை மறுபடி அளந்தார்.

கடைசிச் சோதனைக்கும் மண்ணெண்ணெய்தான். உட்பக்கம் ஊற்றி, வெளிப்பக்கம் சாக்குப்பொடி பூசி, இரவு முழுதும் விட்டார்கள். காலையில் நாங்கள் போனபோது பாய் கடையே திறக்கவில்லை. திறந்ததும் மாமா எனக்கு முன்னால் ஓடினார். பொடி உலர்ந்தே இருந்தது.

பற்று இருந்த இடம் தழும்பு போல் மேடாக நின்றது. அதைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுத் தருவதாக இளைஞர் சொன்னார். மேட்டைத் தேய்த்தால் கனம் குறையும், அப்படியே இருக்கட்டும் என்று மாமா தடுத்துவிட்டார்.

பதிவு புதுப்பிக்கும் நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் எஞ்சின் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிறகு தழும்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்கே செய்தீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். மாமாவின் முகம் வெளிறியது. பாயின் கடைக்கு வழி சொன்னேன். இன்ஸ்பெக்டர் அதைத் தம் கைநோட்டில் குறித்துக்கொண்டார். அவருடைய அண்ணன் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஜாவா பன்னிரண்டு வருஷமாகக் கிடக்கிறதாம்.