சுவர் குடித்த பெயின்ட்

அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு தில்லியில் இருக்கச் சம்மதித்தார். அவருக்கான அறைக்குப் பெயின்ட் அடிக்க வந்த பெரியவர் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஐந்து லிட்டர் வேண்டும், சாப்" என்றார்.

நான் காகிதத்தை எடுத்தேன். 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. சுற்றளவு 44, நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் சுமார் 400. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று வைத்தால் மூன்றரை லிட்டர்கூட ஆகாது. மிச்சம் அவர் வீட்டுக்குப் போகும் என்று மனதுக்குள் முடிவுகட்டி, 4 லிட்டர் டப்பா ஒன்று மட்டும் வாங்கினேன். பிரைமரும் வேண்டாம் என்றேன்.

நான்காவது சுவருக்குப் பின்னால் குளியலறை. ஈரத்தில் உதிர்ந்த இடமெல்லாம் புதிதாகப் பட்டி பார்த்திருந்தது. பிரைமர் காணாத பட்டி பெயின்ட்டை உறிஞ்சித் தள்ளியது. இரண்டாவது கோட், பாதிச் சுவரிலேயே டப்பா காலி.

கடையில் அதே நிற எண்ணைச் சொல்லி இன்னொரு லிட்டர் கலக்கி வாங்கிவந்தேன். காய்ந்ததும் நடுச்சுவரில் ஒரு கோடு தெரிந்தது.

"முதலிலேயே வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்திருப்பேன்" என்றார் பெரியவர். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அந்தச் சுவரை மட்டும் மூலைக்கு மூலை மறுபடி அடித்தார். அதற்குத் தனிக்கூலி கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

கிளம்பும்போது, அடியில் கொஞ்சம் பெயின்ட் மிச்சமிருந்த டப்பாவை இறுக மூடி என்னிடம் நீட்டினார்.

"வைத்துக்கொள்ளுங்கள் சாப். அம்மாவின் கட்டில் இடித்துச் சுவர் பெயர்ந்தால் தேவைப்படும்."