முள் முளைத்த இடம்

திருகோணமலை நிலாவெளியில் படகோட்டி ஒருவர் கேட்ட கேள்வியில் தொடங்கியது இந்தத் தேடல். புறாத்தீவை ஒட்டிய தெளிந்த நீருக்கடியில் சில இடங்களில் பவளம் உயிரோடு விரிந்திருந்தது. சில இடங்களில் சாம்பல் நிறக் குச்சிகளாய் நொறுங்கிக் கிடந்தது. "அப்பாட காலத்தில முள்ளு நட்சத்திரம் வந்து பவளத்தைத் திண்டு முடிச்சுதாம் ஐயா. அது எங்கயிருந்து வந்தது?" என்றார்.

1970களில் திருகோணமலைப் பவளத்திட்டுகளை முள்முடி நட்சத்திர மீன்கள் மொய்த்து அழித்தது உண்மை. பழனி மலையடிவாரத்தில் உள்ள எங்கள் ஊரான ஆயக்குடிக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் கொய்யாத் தோப்பில் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மரங்கள் இலை வெளுத்துப் பட்டுப்போனபோது, வேரைத் தோண்டிப் பார்த்த அப்பாவும் இதையேதான் கேட்டார். வேரெல்லாம் முடிச்சு. நாற்றோடு வந்த மண்ணில் ஒளிந்து வந்திருந்தது நூற்புழு. கடலிலும் அப்படி ஏதோ ஒன்று வெளியிலிருந்து நுழைந்திருக்கும் என்று நினைத்துத்தான் படிக்கத் தொடங்கினேன்.

முதல் ஏட்டிலேயே அந்த நினைப்பு உடைந்தது. அம்போன் தீவில் வாழ்ந்த ரும்பியஸ் எழுதி 1705இல் அச்சான நூலிலேயே இந்த உயிரினம் இருக்கிறது. 1758இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் அது பழைய குடி. வயிற்றை வாய்வழியே வெளியே தள்ளிப் பவளத்தின் மேல் போர்த்தி, உயிர்த்தசையைக் கரைத்து உறிஞ்சும். ஒரு மீன் ஆண்டுக்கு 10 சதுர மீட்டர் வரை பவளத்தைத் தின்றுவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அதனால் கேடில்லை. வேகமாக வளரும் பவளத்தைத் தின்று மற்றவற்றுக்கு இடம்கூடத் தருகிறது. ஆகவே, எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, எப்படி இவ்வளவு பெருகியது என்று கேட்க வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1962இல் கிரீன் தீவருகே முதல் பெருக்கம் பதிவானது. அதன்பின் மூன்று அலைகள் வந்துவிட்டன. 1985க்கும் 2012க்கும் இடையில் அங்கே உயிர்ப்பவளப் பரப்பு பாதியாகக் குறைந்தது. அந்த இழப்பில் 42 விழுக்காடு இந்த மீனால் நேர்ந்தது என்று 2012இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

காரணம் தேடியவர்களில் ராபர்ட் எண்டீன், இதைத் தின்னும் பெரிய டிரைட்டன் சங்குகளை மனிதர் அள்ளிக்கொண்டு போனதைச் சுட்டினார். சார்லஸ் பர்க்லேண்ட் 1982இல் வேறொரு தடத்தைப் பிடித்தார். மலைகள் உயர்ந்த தீவுகளில், வறட்சிக்குப் பின் கனமழை கொட்டிய மூன்றாம் ஆண்டுவாக்கில் இந்த மீன்கள் பெருகியதைக் கண்டார். ஒரு பெண் மீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகளில் பெரும்பாலானவை இரையின்றி மடிவதுதான் இயற்கை. மழைநீர் நிலத்தின் சத்தைக் கடலில் சேர்த்தால் மிதவைப்பாசி செழிக்கும். அதைத் தின்று, மடிய வேண்டிய குஞ்சுகள் பிழைத்துவிடும் என்பது அவர் விளக்கம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுத் தோப்பைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து நீர் சண்முகாநதியில் இறங்கி, அமராவதி, காவிரி வழியே வங்கக்கடல் நோக்கிப் போகிறது. பழனி மலையின் தென்சரிவு நீர் மஞ்சளாற்றின் வழியே வைகையில் கலந்து, பவளம் வாழும் பாக் விரிகுடாப் பக்கம் போகிறது. வழியில் எத்தனை அணை, எத்தனை கண்மாய் மறித்தாலும், பெருமழை ஆண்டில் மலையடிவாரத்து உரமும் மண்ணும் கடல்வழியில்தான் போகின்றன.

இந்த மீன் பெருகிய பிறகு விரட்டுவது கடினம். மீனை வெட்டிப்போட்டால் துண்டுகள் மீண்டும் வளரக்கூடும். முன்பெல்லாம் மூழ்காளர்கள் ஒவ்வொரு மீனுக்கும் பல ஊசிகள் போட்டார்கள். 2014வாக்கில் ஒரே ஊசியில் பித்த உப்பு செலுத்தும் முறை வந்தது; சாதாரண வினிகரும் கொல்லும் என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. ஆனால் குட்டி மீன்கள் பவளம் கிடைக்கும்வரை, பாறையில் படியும் பாசியைத் தின்றபடி ஆறு ஆண்டுக்கு மேலும் காத்திருக்க முடியும் என்று 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கண்ணில் படுபவற்றைக் கொன்றாலும் அடுத்த படை இடுக்குகளில் உட்கார்ந்திருக்கிறது. மீன்பிடி தடைசெய்யப்பட்ட பகுதிகளில் பெருக்கம் குறைவு என்பதுதான் நம்பிக்கை தரும் செய்தி: நட்சத்திர மீனைத் தின்பவை இருக்கும் கடல் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது.

இந்த ஐப்பசியில் மழைக்கு முன் யூரியா வீசவில்லை. மண்ணைச் சோதித்து, தேவையான அளவை மட்டும் மரத்தடிக் குழியில் இட்டு மூடினோம். தோப்பின் தாழ்ந்த பக்க வரப்பை உயர்த்தினோம். மழை பெய்த மறுநாள் வாய்க்காலில் இறங்கிக் கையில் நீரை அள்ளிப் பார்த்தேன். போன ஆண்டைவிடச் செம்மண் கலங்கல் குறைவு. படகோட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த நீரில் இருந்தது: முள் கடலுடையதுதான்; அதற்கு உரமிட்டது கரை.