மதிலும் கொடியும்

இறைவனுக்குச் சாத்தும் மலர்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகையாகப் பகுத்தல் தொன்றுதொட்ட மரபு. திருப்புகலூர் முருகநாயனார் புலருமுன் எழுந்து நீராடி, இந்நால்வகை மலர்களையுங் கொய்து திருமாலை தொடுத்தமையைச் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்துள் விரித்தோதினார். இவற்றுட் கொடிப்பூவே பிறிதொன்றன் துணையை அவாவி நிற்பது. பற்றுக்கோடின்றேல் முல்லை தரையிற் படர்ந்து, மலரிற் சேறு படிந்து, பூசைக்கு உதவாதொழியும். ஆதலின் நந்தவனத்து மதில் கால்நடை புகாமற் காப்பதோடு, கொடிக்கு நிழலும் இடமும் தருவதாயும் அமைதல் வேண்டும்.

காவிரிக்கரைச் சிற்றூரொன்றிற் சிவாலயத்து நந்தவனத்தின் மேலைமதில் காண்பார் முகஞ்சுளிக்கும் நிலையிலிருந்தது. செங்கல்லுஞ் சுண்ணாம்புங் கொண்டெழுந்த பழஞ்சுவர் அது. காரை பெயர்ந்து, பாசி படிந்து கறுத்து, பிற்காலத்தார் அங்கங்கே அப்பிய சிமெண்டு திட்டுத்திட்டாய் வெளுத்துத் தோன்றிற்று. இடுக்கில் அரசங்கன்றுகள் இரண்டு தலைநீட்டின.

“காகிதப்பூவை வைத்து ஏற்றிவிட்டால் வருகிற ஆண்டுத் திருவிழாவுக்குள் சுவரே தெரியாது” என்றார் கோயிற் காரியம் பார்ப்பவர். பல்லாண்டு பூத்தொண்டு புரிந்துவரும் முதியவர் இதற்கு இசைந்திலர். “சுவர் தெரியாமற் போகும், ஐயா, உள்ளேயிருக்கும் அரசங்கன்றும் தெரியாமற் போகுமே! மழைக்காலத்தில் மதில் சாய்ந்தால், அதனடியிற் பூக்கொய்யும் பிள்ளைகள் என்னாவார்கள்?” என்று வினவினார். அவ்வினாவிற்கு விடையில்லை.

அரசின் வேர் நூலிழைபோற் சுண்ணாம்பு இடுக்கிற் புகுந்து, நாளடைவிற் பருத்துச் செங்கல்லைப் பிளப்பது. மேலே ஒடித்துவிடின் மீண்டுந் தளிர்க்கும். வேரொடு களைந்தாலன்றி அழியாது. காகிதப்பூவோ தென்னமெரிக்கத்தினின்றும் வந்தது. பிரெஞ்சு மாலுமியாகிய பூகன்வில் என்பார் பெயரை மேலைநாட்டில் தாங்கி நிற்பது. இதழென மயங்கப்படும் வண்ணத்தகடுகள் இலையின் வேறுபாடேயாம். மெய்ப்பூ அவற்றினடுவே சிறிதாய் வெளுத்திருக்கும். வீட்டுவாயிலுக்கு அஃது அழகு செய்வதே. ஆயினும் மணமின்றி முள்ளோடு செறிந்து வளரும் அது, மாலைக்கென வைத்த நந்தவனத்தில் இடத்தை அடைப்பதன்றி வேறு பயன் தருவதன்று.

கொடிகள் ஏறுந்திறம் ஒன்றன்று. சார்லஸ் டார்வின் 1865-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். சங்குப்பூவும் அவரையும் தண்டினாற் கொம்பைச் சுற்றுவன. பாகலும் பிரண்டையும் பற்றிழைகளால் வளைத்துப் பிடிப்பன. மேலைநாட்டு ஐவி போல்வன வேரூன்றிச் சுவரையே பற்றுவன. சுற்றுங்கொடியின் நுனி வெறுவெளியில் வட்டமிட்டுத் துணைதேடுதலையும் அவர் அளந்தறிந்தார். ஹாப் என்னுங் கொடி வெம்மை மிக்க காலத்தில் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கொரு சுற்று வருமாம். இவற்றுள் வேரூன்றுவன உறுதியான சுவருக்கே ஏற்றன. காரை நெகிழ்ந்த பழஞ்சுவருக்குக் கேடாவன.

முதியவர் கூறியவாறே பணி நடந்தது. அரசங்கன்றுகள் பற்றிய செங்கற்களைப் பெயர்த்து, வேரை முற்றக் களைந்து, மீளக் கட்டினர். சுவரினுள் ஈரம் வெளிப்படாமற் றடுக்கும் சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்புக்காரை பூசினர். மதிலினின்றும் ஒரு சாண் விலக்கி மூங்கிற்கால் நட்டுக், குறுக்கே கழிகளைக் கயிற்றாற் பிணித்துத் தட்டி அமைத்தனர். அவ்விடைவெளி காற்றுப் புகவும், விரிசல் தோன்றின் கண்டறியவும் உதவுவது. அடிச்சுவரில் நீர் தேங்காவண்ணம் ஒரு முழந்தள்ளிக் குழியெடுத்து எருவிட்டனர். ஓரிரவு நீரில் ஊறிய சங்குப்பூ விதைகள் முன்னர் முளைத்துச் சில திங்களில் நீலமும் வெண்மையுமாய்ப் பூத்தன. முல்லையும் சாதிமல்லிகையும் மெல்ல ஏறின. ஆண்டுதோறுங் கவாத்துச் செய்தலையும் அவர் வழக்கமாக்கினார்.

இச்சிறு பணியில் உய்த்துணரத்தக்கது ஒன்றுண்டு. பழுதை மறைத்தல் வேறு. பழுதை நீக்கிப் பின் அணிசெய்தல் வேறு. முன்னது கண்டாரை மகிழ்விக்கும். பின்னதே நின்றாரைக் காக்கும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிருக்கியல்பென்பது சித்தாந்தத் துணிபு. கொடியும் அவ்வாறே சார்ந்த கொம்பின் வடிவாய் நிமிரும். கொம்பு சாயின் தானுஞ் சாயும். ஆகலின் சாரப்படுவது உறுதியுடைத்தோ என்று நோக்குதல் முதற்கண் வேண்டற்பாலது.

தவித்த முல்லைக்குத் தேரீந்த பாரியின் பெயரைக் கொடைக்கு அளவுகோலாக எடுத்தாண்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்பதிகமும் முருகநாயனார் தொண்டு செய்த திருப்புகலூருக்கே உரியதாதல் கருதி இன்புறற்பாலது. இக்காலத்துக் கொடிக்குத் தேர் வேண்டுவதில்லை. நான்கு மூங்கிலும் ஒரு கூடைச் சுண்ணாம்பும் அமையும். நந்தவனமுடைய ஊரார், கொடி நடுமுன் தத்தம் மதிலை ஒருமுறை கையாற் றட்டிப் பார்ப்பாராக.