டாலி ஆனால் போதுமா?

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும் என்பது எட்டாம் கிளாஸ் சமாசாரம். எவ்வளவு காற்று என்பதில்தான் இன்ஜினின் ஆயுளே இருக்கிறது. ஒரு கிராம் சுத்த பெட்ரோலுக்கு 14.7 கிராம். இன்றைக்கு பங்க்கில் ஊற்றும், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5. சரக்குக்குச் சரக்கு மாறும் எண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அதற்காக 'லாம்டா' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். லாம்டா 1 என்றால் கச்சிதம். 1.1 என்றால் காற்று பத்து சதவீதம் ஜாஸ்தி. ஒன்றுக்குக் கீழே போனால் பெட்ரோல் தூக்கல்.

கார்புரேட்டர் காலத்தில் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவருடன் குனிந்து, காதைச் சாய்த்துக்கொண்டு, கால் திருகு திருப்புவார். முடிந்தது. இப்போது அந்த வேலையை ஈ.சி.யூ. என்கிற டப்பா பார்க்கிறது. உள்ளே மாயமந்திரம் ஒன்றுமில்லை, ஓர் அட்டவணைதான். ஒரு பக்கம் இன்ஜினின் வேகம், இன்னொரு பக்கம் அது இழுக்கும் சுமை. 16-க்கு 16 என்றால் 256 கட்டங்கள். இந்த வேகம், இந்தச் சுமை, இவ்வளவு பெட்ரோல் என்று கட்டத்துக்குக் கட்டம் ஓர் எண்.

கம்பெனியிலிருந்து வரும் காரில் இதையெல்லாம் நிரப்பியே தந்துவிடுகிறார்கள். கோவையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பழைய ஜிப்ஸி ஒன்றை வாங்கி, கேம் ஷாஃப்ட், சைலன்ஸர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். ப்ரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2001-ல் 'மெகாஸ்க்விர்ட்' என்று, வீட்டில் உட்கார்ந்து நாமே சால்டரிங் வைத்துக் கட்டிக்கொள்ளும் ஈ.சி.யூ.வைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒன்றைப் பொருத்தியிருக்கிறான். கட்டங்களில் இருப்பதெல்லாம் உத்தேசக் கணக்கு. நிஜக் கணக்கை ரோடுதான் சொல்ல வேண்டும்.

"மாமா, லேப்டாப்பைப் பிடிச்சுட்டு உக்காருங்க. ஓட்டிட்டே பார்க்க முடியாது" என்றான்.

பொள்ளாச்சி ரோட்டில் அரை மணி நேரம். சைலன்ஸர் குழாயில் செருகிய ஆக்ஸிஜன் சென்ஸர், புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை மோப்பம் பிடித்து லாம்டா சொல்கிறது. வேகம், சுமை, சூடு, லாம்டா என்று நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு வரிகள் பதிவாகின்றன. வீடு திரும்பும்போது இருபதாயிரம் வரிகள். பி.காம். படித்தவனுக்கு இது பழகிய உலகம். லாக் என்பது டே புக், அட்டவணை என்பது லெட்ஜர். இதிலிருந்து எடுத்து அதில் போஸ்டிங் போட வேண்டியதுதான்.

கணக்கும் சாதாரண விகிதக் கணக்குதான். ஒரு கட்டத்தில் எண் 70. முழு சுமையில் வேண்டிய லாம்டா 0.88, லாக்கில் வந்ததோ 0.97. எழுபதை 0.97-ஆல் பெருக்கி 0.88-ஆல் வகுத்தால் 77. புது எண் ரெடி. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்த இடங்களை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். புகை சென்ஸருக்கு வந்து சேரச் சற்று நேரமாகும். அதற்குள் இன்ஜின் வேறு கட்டத்துக்குப் போயிருக்கும்.

இரண்டு வாரம் ஓட்டியும் பாதிக் கட்டங்கள் தொடப்படவே இல்லை. சமவெளியில் நாம் ஓட்டுவதெல்லாம் நடுவிலிருக்கும் கொஞ்சம் கட்டங்களில்தான். ஆபத்து இருப்பதோ ஓரத்தில். முழு சுமையில் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், இன்ஜின் நாக் அடிக்கும், பிஸ்டனில் ஓட்டையே விழலாம். அதனால் மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலை ஏறினான். கொண்டை ஊசி வளைவுகளில் குறைந்த வேகம், முழுச் சுமை. அந்தக் கட்டங்களும் நிரம்பின.

வம்பு வந்தது எதிர்பாராத மூலையிலிருந்து. ஐடிலிங்கிலும் மெதுவாகப் போகும்போதும் லாம்டா 1.1 காட்டியது. பெட்ரோலை ஏற்றினான். அப்போதும் காற்று ஜாஸ்தி என்றது. இன்னும் ஏற்றினான். மைலேஜ் விழுந்துகொண்டே போனது.

கடைசியில் உக்கடம் பக்கம் ஒரு பெரியவரின் ஒர்க் ஷாப்புக்குப் போனோம். கார்புரேட்டர் காலத்து ஆள். லேப்டாப்பை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு ப்ளக்கைக் கழற்றி நீட்டினார். கரிக்கட்டை.

"பெட்ரோலைக் குடிச்சுத் தள்ளுது கண்ணு, பத்தலைங்கறே?"

"சென்ஸர் அப்படித்தானுங்களே சொல்லுது?"

பழைய துணியைச் சுருட்டி சைலன்ஸர் வாயை ஒரு கணம் அடைத்தார். இன்ஜின் பக்கமிருந்து 'புஸ் புஸ்' என்று சத்தம். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைந்து சென்ஸரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சென்ஸர் பொய் சொல்லவில்லை. ஆக்ஸிஜன் இருக்கிறது என்றது, இருந்தது. அது இன்ஜினுக்குள்ளிருந்து வந்ததா, ஓட்டை வழியாக வந்ததா என்பது அதற்குத் தெரியாது. சிலிண்டரில் நெருப்புப் பிடிக்காமல் ஒரு முறை தவறினாலும் இதே கதைதான். எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வர, பெட்ரோல் குறைவு என்று சென்ஸர் அறிவிக்கும்.

இன்னும் சில மாதம் அப்படியே ஓடியிருந்தால், மிச்ச பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையும் நீர்க்க வைத்திருக்கும். செலவு கேஸ்கட்டோடு நின்றிருக்காது.

"அப்ப லேப்டாப் வேஸ்ட்டுங்களாண்ணா?" என்று கேட்டான்.

"அதெப்படி? மலையேத்தத்துல எவ்வளவு பெட்ரோல் போகுதுன்னு நான் எங்க உக்காந்து காது குடுத்துக் கேக்கறது? அதை அது பாக்கட்டும். ஓட்டையை நான் பாக்கறேன்" என்றார் பெரியவர்.

அக்கவுண்டன்ஸி வகுப்பில் முதலிலேயே சொல்லித் தருவார்கள். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. தப்பான கணக்கில் எழுதினாலும் அது டாலி ஆகும். ரிப்போர்ட், பட்ஜெட், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கேஸ்கட் மாற்றியாயிற்று. பழைய லாக்கில் லேசான சுமை வரிகளையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டிப் பதிந்துகொண்டிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்க்கிறானாம்.