ஆச்சியின் பேச்சு

நடிகை மனோரமாவை 'சிரிப்பு நடிகை' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவது நம்மவர் வழக்கம். எனக்கோ அவரிடம் முதலில் பிடித்தது அவரது பேச்சு. ஆசிரிய கலாசாலையில் மொழி கற்றவன் என்பதால் காது அந்தப் பக்கம் சாய்ந்ததோ என்னவோ.

1937இல் மன்னார்குடியில் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் தேறியவர் அவர். 1958இல் 'மாலையிட்ட மங்கை' மூலம் திரைக்கு வந்தார். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியானார். ஆயினும் பின்னர் கிடைத்தவை பெரும்பாலும் தோழி, வேலைக்காரி, நாகேஷின் ஜோடி என்ற ஓரத்துப் பாத்திரங்களே. அந்த ஓரத்தில் நின்றுதான் ஆயிரம் படங்களைத் தாண்டினார்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணியை யார் மறப்பார்? நாடகக்காரியின் அந்த இழுவைப் பேச்சுக்குச் சிரிக்கத் தொடங்குகிறோம். சற்று நேரத்தில் சிரிப்பு அடங்குகிறது. நாதஸ்வரக் கலைஞனின் அருமை தெரிந்த, தானும் ஒரு கலைஞியான பெண் நம் முன் நிற்கிறாள். அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தெருப் பேச்சிலேயே பாடினார். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) வேலைக்காரி கண்ணம்மாவிடமும் அந்தப் பேச்சுத்தான். படித்தவர்கள் நிறைந்த வீட்டில் தெளிவாக யோசிப்பவள் அவள்.

அவருக்கு எழுதப்பட்ட நகைச்சுவையெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். 'நடிகன்' (1990) படத்தில் மணமாகாத முதிர்ந்த பெண்ணின் ஆசையும், 'சின்னக் கவுண்டர்' (1992) படத்தில் தாயின் முன்தள்ளிய பல்லும் சிரிப்புக்கான சரக்குகள். ஆனால் மனோரமா அந்தப் பெண்களை ஏளனம் செய்து நடிக்கவில்லை. அவர்களுக்கு வலிக்கும் இடம் எதுவென்று தெரிந்து நடித்தார்.

இது சினிமா சங்கதி மட்டுமன்று. தமிழ்த்தினப் போட்டிக்காக எங்கள் பாடசாலையில் ஒரு நாடகம் பழக்கினோம். அதிகாரிக்கும் ஆசிரியருக்கும் புத்தகத் தமிழ். மீன் வியாபாரிக்கு மட்டும் ஊர்ப் பேச்சு. அவன் வாய் திறந்தாலே ஒத்திகையில் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பாத்திரம் ஏற்ற மாணவன் என்னிடம் வந்து, "சேர், எங்கட வாப்பாவும் இப்பிடித்தான் பேசுற" என்றான். அவன் முகத்தில் சிரிப்பில்லை.

அன்றிரவு அந்த வியாபாரிக்கு மேலும் நாலு வசனம் எழுதினேன். நிறுவையில் ஏமாற்ற வந்த அதிகாரியை அவன் அதே ஊர்ப் பேச்சில் மடக்குகிறான். மறுநாளும் பிள்ளைகள் சிரித்தார்கள், அதிகாரி விழித்த இடத்தில். மாணவனின் குரலும் உயர்ந்தது.

2015 ஒக்டோபரில் மனோரமா மறைந்தபோது அவரது படங்களின் எண்ணிக்கையையே பலரும் பேசினார்கள். கதையும் நாடகமும் எழுதும் நாம் வேறொன்றை எண்ணிப் பார்க்கலாம். நமது எழுத்தில் ஊர்ப் பேச்சு யாருடைய வாயில் இருக்கிறது? கோமாளியின் வாயில் மட்டுமா?