சிற்றுருவில் ஒரு நிலையம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சிறிய நிலையம் வடமதுரை. விரைவு வண்டிகள் பலவும் அங்கு நில்லாமல் கடந்து செல்லும். அந்நிலையத்தை ஒரு மேசையின்மேல் மாதிரியாக அமைக்க விரும்புவோர், அதனை 87இல் ஒரு பங்காகச் சுருக்கலாம். மாதிரித் தொடர்வண்டி அமைப்போர் உலகெங்கும் பெரிதும் கையாளும் அளவு அது. ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள மின்சார இன்ஜின் அவ்வளவில் ஒரு சாண் ஆகிவிடும். இனி எழும் வினா ஒன்றே: அப்பாதையில் எந்த இன்ஜின்களை ஓடவிடுவது?

இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை அது மீட்டர்பாதையாக இருந்தது. தென்னகத்து மீட்டர்பாதைகளில் பயணியர் வண்டிக்கு ஒய்.பி. வகை நீராவி இன்ஜினும், சரக்கு வண்டிக்கு ஒய்.ஜி. வகையும் பயன்பட்டன. முன்னதற்கு இயக்கச் சக்கரங்கள் ஆறு. ஒவ்வொன்றின் விட்டமும் 1372 மி.மீ. பின்னதற்கு எட்டு, விட்டம் 1219 மி.மீ. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் மிகுந்த தொலைவைக் கடப்பதால் விரைவு கூடும். சிறிய சக்கரம் இழுவிசையை மிகுவிக்கும். சக்கரங்களின் எண்ணிக்கை கூடினால் தண்டவாளத்தில் பிடிப்பும் மிகும். ஆகவே, சக்கரங்களைக் கண்ட அளவிலேயே இன்ஜினின் தொழிலை அறியலாம்.

இன்று அங்கே அகலப்பாதையும் மின்கம்பிகளும் உள்ளன. டபிள்யூ.ஏ.ஜி.-9 என்னும் சரக்கு இன்ஜினின் பல்சக்கர விகிதத்தை மாற்றி உருவாக்கப்பட்டதே டபிள்யூ.ஏ.பி.-7 என்னும் பயணியர் இன்ஜின். தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை. வேறுபாடு உள்ளே மறைந்துள்ளது.

எல்லா வகைகளையும் ஒருங்கே ஓட்டிப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. புணேயில் உள்ள ஜோஷி சிற்றுருத் தொடர்வண்டி அருங்காட்சியகத்தில் நீராவி வண்டியும் அதிவிரைவு வண்டியும் ஒரே கற்பனை நகரில் ஓடிக் காண்போரை மகிழ்விக்கின்றன. கற்பனை நகருக்கு அது பொருந்தும். பெயருடைய ஓர் ஊருக்கு அவ்வுரிமை இல்லை. நீலகிரி மலைப்பாதையில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில், பல்சக்கரத்தால் பற்றி ஏறிப் பெட்டிகளைப் பின்னிருந்து தள்ளும் இன்ஜினுக்கு வடமதுரைச் சமவெளியில் என்ன வேலை?

காலமும் அவ்வாறே எல்லை வகுக்கிறது. மீட்டர்பாதையின் அகலம் 1000 மி.மீ.; அகலப்பாதையின் அகலம் 1676 மி.மீ. மாதிரியில் அவை முறையே 11.5, 19 மி.மீ. அளவினவாகும். ஒன்றுக்குரிய இன்ஜின் மற்றொன்றில் நிற்கவும் இயலாது. பாதை அகன்றபோது, மீட்டர்பாதைக்கெனப் பிறந்த இன்ஜின்கள் யாவும் அவ்வூருக்கு வரும் வழியை இழந்தன.

ஆதலின், மாதிரி அமைப்பவர் முதலில் ஓர் ஆண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 1960ஐத் தேர்ந்தால் மின்சார இன்ஜின்களைத் துறக்க நேரும். மேசையில் இரண்டு, மூன்று வகைகளே எஞ்சும். ஆயினும், அருகில் நின்று நோக்கும் சிறுவன் ஒருவன், “இதற்கு ஏன் ஆறு சக்கரம், அதற்கு ஏன் எட்டு?” என்று கேட்பான். அவனுக்குச் சொல்ல அந்த மேசையிடம் விடை இருக்கும்.