பாட்டி கொண்டு வந்த நோயா?

எங்கள் வாசிப்பு வட்டத்துத் தோழர் ஒருவரின் அப்பாவுக்கு முதலில் வந்தது செருப்புத் தொல்லைதான். நடக்கும்போது செருப்பு காலைவிட்டு நழுவிப் போகும். பாதத்தைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஒரே வருடத்தில் படுக்கை. மோட்டார் நியூரான் நோய், ஏ.எல்.எஸ். என்றார்கள். மரபணுப் பரிசோதனையில் எஸ்.ஓ.டி.1 பிறழ்வு தெரிந்தது.

ஊர் "போன ஜென்மப் பாவம்" என்றது. அது நமக்குப் புதிதல்ல, கடந்துவிடலாம். படித்த உறவினர் ஒருவர் சொன்னதுதான் வலித்தது: "இந்த நோயில் கெட்டுப்போவது மைட்டோகாண்டிரியா. அது தாய் வழி வருவது. எல்லாம் உன் பாட்டி கொண்டு வந்தது."

நாங்கள் உட்கார்ந்து படித்தோம். மைட்டோகாண்டிரியாவின் 37 மரபணுக்கள் தாயிடமிருந்து வருவது உண்மைதான். ஆனால் 1993இல் இந்நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட எஸ்.ஓ.டி.1 அங்கே இல்லை. அது 21ஆவது குரோமோசோமில் இருக்கிறது. தாய், தந்தை யாரிடமிருந்தும் வரலாம். அதன் பிறழ்ந்த புரதம் மைட்டோகாண்டிரியாமேல் படிந்து அதைக் கெடுக்கிறது. அதாவது மைட்டோகாண்டிரியா இங்கே அடிவாங்கும் இடம்.

2018இல் வந்த ஓர் ஆய்வு, இப்பிறழ்வு உள்ளவர்களின் ரத்தத்தில் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வின் டி-லூப் பகுதியில் மெத்தில் குறிகள் குறைந்திருப்பதைக் கண்டது. நோய் இன்னும் வெளிப்படாதவர்களிடமும் அப்படியே. எபிஜெனடிக்ஸ் என்பது இதுதான்: எழுத்து மாறாமல், எழுத்தின் மேல் விழும் குறி மாறுவது. இது காரணமா விளைவா என்பது முடிவாகவில்லை. மைட்டோகாண்டிரியாவில் இக்குறிகள் எந்த அளவு உண்டு என்பதிலேயே விஞ்ஞானிகளுக்குள் சண்டை இருக்கிறது. அதற்குள் நம் உறவினர் தீர்ப்பு எழுதிவிட்டார்!

பிறகு குடும்பக் கதையைக் கேட்டோம். தாத்தாவின் தங்கைக்கும் இப்படித்தான் கால்கள் போயிருக்கின்றன. தாத்தாவோ முப்பத்தெட்டு வயதில் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்தவர். நோய் வெளிப்படும் வயதுவரை அவரை வாழவிடவில்லை. தாத்தா வழிதான் என்று நாங்கள் சொன்னபோது பாட்டி, "அவரையும் திட்டாதீங்க சாமி" என்றார்.

ரத்தத்தில் இருக்கிறது, பிறப்பில் இருக்கிறது என்ற பேச்சை எதிர்த்தே வளர்ந்தவர்கள் நாம். சாதிக்கு ரத்தத் தூய்மையைக் காவல் வைத்தவர்களை அம்பேத்கர் 1936லேயே கேள்வி கேட்டார். ஆனால் இந்தப் பிறழ்வு நிஜமாகவே பிறப்பில் வருகிறது. தோழருக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எஸ்.ஓ.டி.1க்கான டோஃபர்சனுக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி தந்தது. தண்டுவடத்தில் போடும் ஊசி. அந்த விலை நம் யாருக்கும் எட்டாது.

"நானும் டெஸ்ட் எடுக்கட்டுமா?" என்று தோழர் கேட்டார். அவசரப்படாதே என்றோம். எடுக்கும் நாளில் கூட வருவோம் என்றும் சொல்லியிருக்கிறோம்.